ஐந்தாவது படிக்கிற பையன் இரண்டாவது பிள்ளைகளோடு உட்காரலாமா?

"டீச்சர், நாங்கள் தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டிலேயே இட்லி அவிக்கிறோம். என் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறார். மூத்தவன் தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறான். நோட்டெல்லாம் அழகாக எழுதுவான். ஆனால் புத்தகத்தில் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் விழிக்கிறான். அவனுடைய வகுப்பு டீச்சரிடமே இரண்டு வருடமாக மாதம் 800 ரூபாய் கொடுத்து டியூஷன் அனுப்புகிறேன். இப்போது அவரே, 'இப்படியே போனால் ஐந்தாவதிலேயே நிறுத்தி வைப்போம்' என்கிறார்.

எங்கள் தெருக் கோயில் மண்டபத்தில் ஒரு அமைப்பு சாயங்காலம் இலவச வகுப்பு நடத்துகிறது. பக்கத்துச் சந்தில் இருக்கிற, காலேஜ் படிக்கிற பெண்தான் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு வாரம் அனுப்பிப் பார்த்தேன். ஹோம்வொர்க் எதுவும் செய்யவைக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது படிக்கிற பிள்ளைகளோடு இவனை உட்காரவைத்து, அட்டைகளை வைத்து விளையாட்டுக் காட்டுகிறார்கள். இவனுக்கு அவமானமாக இருக்கிறது, இனிமேல் போகமாட்டேன் என்கிறான். என் நாத்தனார், 'சும்மா கிடைக்கிறது அப்படித்தான் இருக்கும்' என்கிறாள். டியூஷனை நிறுத்தினால் டீச்சர் அந்தக் கோபத்தைப் பையன்மேல் காட்டுவாரோ என்றும் பயமாக இருக்கிறது. நான் ஊரில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். எதை விடுவது, எதைப் பிடிப்பது? சின்னவளுக்கு ஐந்து வயது. அவளையும் எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை."

— ஒரு தாய், தாராவி

அன்புள்ள தங்கைக்கு,

கோயில் மண்டபத்து வகுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். டியூஷனை விட்டுவிடலாம். நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காகச் செய்யாதீர்கள். இன்று இரவு ஒரு சின்னக் காரியம் செய்து, நீங்களே உங்கள் கண்ணால் பாருங்கள்.

மகனை மடியருகே உட்காரவைத்து, பக்கத்து வீட்டில் இரண்டாவது படிக்கிற பிள்ளையின் இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுங்கள். அவன் ஏற்கெனவே படித்த பாடமாக இருக்கக் கூடாது. மனப்பாடமாகச் சொல்லிவிடுவான். ஒரு சின்னக் கதையைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் நாலு வரிப் பத்தி. அதுவும் முடியவில்லை என்றால் தனித்தனிச் சொற்கள். அதுவும் இல்லை என்றால் எழுத்துகள். திட்டாமல், எங்கே தடுக்கி நிற்கிறான் என்று மட்டும் கவனியுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை வாசிக்கிறானா, ஊகித்துச் சமாளிக்கிறானா என்பது அம்மாவுக்கு அவன் முகத்திலேயே தெரிந்துவிடும்.

இது நான் கண்டுபிடித்த சோதனை இல்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-லிருந்து 'அசர்' என்ற பெயரில் நாட்டின் கிராமங்களில் வீடு வீடாகப் போய், ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு இப்படித்தான் பிள்ளைகளைச் சோதித்து வருகிறது. 2024-ல் பார்த்தபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். மீதிப் பாதிப் பேருக்கு முடியவில்லை. உங்கள் மகன் நிற்கிற இடத்தில் இந்த நாட்டில் கோடிக்கணக்கான பிள்ளைகள் நிற்கிறார்கள். அவன் மந்தமும் இல்லை, சோம்பேறியும் இல்லை.

'நோட்டெல்லாம் அழகாக எழுதுவான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஒரு பெண் குழந்தை ஞாபகம் வந்தாள். நான் தமிழ் மீடியம் முனிசிபல் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாலாம் வகுப்பு. முத்து முத்தாக எழுதுவாள். அவள் நோட்டைத்தான் மற்ற பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவேன். ஒரு நாள் அவள் எழுதிய பக்கத்திலேயே நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டேன். தெரியவில்லை. 'குளம்' என்ற சொல் அது. கரும்பலகையில் இருந்ததைப் படம் வரைகிற மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். நாலு வருடம்! எந்த டீச்சரும் கண்டுபிடிக்கவில்லை, நானும் ஆறு மாதம் கண்டுபிடிக்கவில்லை. அந்த வலி இன்றும் எனக்குப் போகவில்லை. பார்த்து எழுதுவது வேறு, வாசிப்பது வேறு. டியூஷனில் உங்கள் பையன் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருப்பது பார்த்து எழுதுகிற வேலைதான். ஹோம்வொர்க் முடிந்துவிடுகிறது, நோட்டில் சிவப்பு மையில் டிக் விழுகிறது, வாசிப்பு மட்டும் அங்கேயே நிற்கிறது.

சரி, கோயில் மண்டபத்தில் நடப்பது என்ன? அந்தப் பெண் ஹோம்வொர்க்கைத் தொடவில்லை, எழுத்தட்டையும் சொல்லட்டையும் வைத்து விளையாட வைக்கிறாள், ஐந்தாவது படிக்கிற பையனை இரண்டாவது படிக்கிற பிள்ளைகளோடு சேர்க்கிறாள் என்கிறீர்கள். நீங்கள் குறையாகச் சொன்ன மூன்றும்தான் அந்த வகுப்பு ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பார்க்காமல், அவனுக்கு எதுவரை தெரியும் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குகிறார்கள்.

இந்த முறையின் வேர் நம் மும்பையிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் இங்குள்ள குடிசைப் பகுதிகளில் பால்வாடி நடத்தத் தொடங்கியதுதான் பிரதம். பெரிய கட்டிடம் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டின் முன்னறை, கோயில் திண்ணை, கட்சி ஆபீஸ் என்று கிடைத்த இடத்தில் அந்தத் தெருப் பெண்களே நடத்தினார்கள். அப்புறம் 1998-ல் முனிசிபல் பள்ளிகளில் 'பால்சகி' வந்தது. பால்சகி என்றால் குழந்தையின் தோழி. அதே வட்டாரத்தில் பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண்கள், இரண்டு வாரப் பயிற்சி, சொற்ப சம்பளம். மூன்றாவது, நாலாவது வகுப்பில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தினமும் இரண்டு மணி நேரம் தனியாகக் கூட்டிப்போய் எழுத்து, சொல், கூட்டல், கழித்தல் சொல்லிக்கொடுத்தார்கள்.

அது பலன் தந்ததா என்பதை மும்பையிலும் வதோதராவிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். இந்த இருவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. பால்சகியிடம் போன பிள்ளைகள், அதுவும் மிகவும் பின்தங்கியிருந்தவர்கள், நன்றாக முன்னேறினார்கள். என் மனதில் நின்றது இன்னொரு விஷயம். பின்தங்கிய பிள்ளைகள் வெளியே போனதால் வகுப்பில் கூட்டம் குறைந்தது அல்லவா, மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு அதனால் எந்த முன்னேற்றமும் இல்லை. அதாவது கூட்டம் குறைந்தால் மட்டும் படிப்பு வந்துவிடாது. ஆசிரியர் பயிற்சி முடித்த டீச்சரிடம் வராத வாசிப்பு, பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த பெண்ணிடம் வந்ததற்குக் காரணம், அந்தப் பெண்ணுக்குப் போர்ஷன் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளைக்குத் தெரியாத இடத்தில் நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு நேரம் இருந்தது. அதனால் உங்கள் நாத்தனாரிடம் சொல்லுங்கள், இது 'சும்மா' கிடைப்பது இல்லை. யாரோ செலவு செய்து, அந்தக் காலேஜ் பெண் தன் மாலை நேரத்தைக் கொடுத்து நடக்கிற காரியம்.

அதே ஆய்வில் எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. வகுப்பு நின்று ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. நானும் இதைப் பார்த்திருக்கிறேன். நிதி நின்றுபோய் வகுப்பு மூடப்படும், சொல்லிக்கொடுத்த அக்காவுக்குக் கல்யாணமாகும், பிள்ளைகள் பழையபடி ஆகிவிடுவார்கள். எனவே அந்த அமைப்பிடம் தயங்காமல் கேளுங்கள். எத்தனை மாதம் நடத்துவீர்கள்? சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு ஏதாவது சம்பளம் தருகிறீர்களா? சேர்ந்த அன்று என் மகன் எந்த நிலையில் இருந்தான், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதிப்பீர்கள்? மேற்பார்வைக்கு யார் வருகிறார்கள்? மண்டபத்துக் கதவு திறந்தே இருக்குமா, பெரியவர்கள் இரண்டு பேராவது இருப்பார்களா? இலவசமாக வாங்குகிறவர்களுக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். பிள்ளையை ஒப்படைக்கிற எவருக்கும் அந்த உரிமை உண்டு. நல்ல அமைப்பு இந்தக் கேள்விகளைக் கேட்டால் சந்தோஷப்படும்.

இப்போது பையனின் அவமானம். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. பத்து வயதுப் பையனுக்குத் தெருவில் ஒரு மரியாதை இருக்கிறது, அவனோடு கிரிக்கெட் விளையாடுகிற பையன்கள் இருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளோடு 'கேட், மேட்' சொல்வதை அவர்கள் பார்த்துவிட்டால் அவனுக்கு உயிரே போய்விடும். 'நீ சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் போறே' என்று பொய் சொல்லிச் சமாளிக்காதீர்கள். இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவான், அப்புறம் உங்களையும் நம்பமாட்டான். உண்மையைச் சொல்லுங்கள். "உனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்காமலேயே வகுப்பு மாத்திட்டாங்கப்பா. தப்பு உன்மேல இல்ல. இந்த நாலஞ்சு மாசத்துல அதைப் பிடிச்சிடலாம்." இந்த அளவு போதும்.

மண்டபத்தில் சொல்லிக்கொடுக்கிற அந்தப் பெண்ணிடமும் தனியாகப் பேசுங்கள். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது படித்துக்கொண்டே வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இன்னும் நாலைந்து பேர் நிச்சயம் இருப்பார்கள். வெட்கத்தால் அவர்கள் அம்மாக்கள் வெளியே சொல்வதில்லை. நீங்கள் போய்ச் சொல்லுங்கள். இந்தப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் அரை மணி நேரம் தள்ளி ஒரு தனிக் குழு அமைத்துவிட்டால் பாதி அவமானம் அன்றே தீர்ந்துவிடும். அட்டைகளும் 'கேட், மேட்' என்று இல்லாமல் கிரிக்கெட் வீரர்கள் பெயர், ஸ்டேஷன் பெயர், கடைப் பலகைகள் என்று இருக்கலாம். தாதர், சயான், மாஹிம் என்ற ஸ்டேஷன் பலகைகளிலிருந்தே எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, எந்த ஆசிரியரும் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. தன் வகுப்புப் பிள்ளையிடமே பணம் வாங்கிக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று அம்மாவை மிரட்டுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. ஆனால் இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டாம். தெரிந்துவைத்திருந்தால் போதும், பயம் குறையும். "வீட்டில் பணக் கஷ்டம் டீச்சர், இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வாசிப்புக்குச் சாயங்காலம் பக்கத்தில் அனுப்புகிறேன்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு வகுப்பில் அவனை வேறு மாதிரி நடத்துவதாகத் தெரிந்தால் நேரே தலைமையாசிரியரிடம் போங்கள். தனியாகப் போகாமல் இன்னும் ஒரு அம்மாவோடு போங்கள்.

நிறுத்தி வைப்போம் என்பது வெறும் மிரட்டல் இல்லை, அப்படி நடக்க வழி இருக்கிறது. 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஐந்தாவதிலும் எட்டாவதிலும் ஆண்டுத் தேர்வு வைக்கலாம். மகாராஷ்டிராவும் அதைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் தோற்ற பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்து, இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நிறுத்தி வைப்பது என்ற பேச்சே வரும். எட்டாவது முடிகிற வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு அனுப்ப முடியாது. அந்தக் கூடுதல் வகுப்பைப் பள்ளிதான் தர வேண்டும், டியூஷன் கட்டணம் வாங்கிக்கொண்டு அல்ல.

மிச்சமாகிற 800 ரூபாயில் முட்டை வாங்கிக் கொடுங்கள் என்பேன். புத்தகத்துக்குச் செலவே வேண்டாம். உங்கள் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால், பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் குழந்தைக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதை தமிழிலும் இருக்கும், இங்கிலீஷிலும் இருக்கும், வாசிப்பு நிலை ஒன்று முதல் நாலு வரை பிரித்திருப்பார்கள். ராத்திரி பத்து நிமிடம் நீங்கள் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அதே கதையை அவன் இங்கிலீஷில், முதல் நிலையிலிருந்து, விரல் வைத்து வாசிக்கட்டும். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் சொல்லுக்கு அர்த்தம் தானாகப் பிடிபடும். உங்கள் பையனுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷும் மராத்தியும். அர்த்தமே தெரியாத மொழியில் எழுத்துக் கூட்டச் சொன்னால் யாருக்கும் சுமைதான். அதற்காக இப்போது அவசரப்பட்டுத் தமிழ் எழுத்தையும் சேர்த்துச் சுமத்த வேண்டாம். ஒரு மொழியில் வாசிப்பு பிடிபட்டுவிட்டால் அடுத்தது சீக்கிரம் வரும். நடு வருடத்தில் மீடியம் மாற்றுவதும் வேண்டாம்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இட்லி வியாபாரம் என்றால் உங்கள் வீட்டில் விடிவதற்கு ரொம்ப முன்பே விளக்கு எரியும், ஒற்றை அறையில் பாத்திரச் சத்தமும் அடுப்புச் சூடும். அந்த நேரத்தில் பையனும் எழுந்துவிடுகிறானா? தட்டு கழுவ, பொட்டலம் கட்ட உதவுகிறானா? உங்கள் பிழைப்பைக் குறை சொல்லவில்லை. அந்த உழைப்பில்தான் அவன் ஃபீஸ் கட்டுகிறீர்கள். ஆனால் தூக்கம் குறைந்த பிள்ளைக்கு எந்த அக்கா சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது. பக்கத்தில் பாட்டியோ சித்தியோ இருந்தால் இரவு அங்கே படுக்கட்டும். காலை வேலையிலிருந்து இந்த வருடம் மட்டுமாவது அவனை விட்டுவிடுங்கள்.

அப்படியே ஒரு நாள் சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைப் பரிசோதியுங்கள். கண்ணாடி போட்ட பிறகு ஒரே மாதத்தில் தெளிந்த பிள்ளைகள் உண்டு. மண்டபத்து வகுப்புக்கு ஒழுங்காகப் போய் நாலு மாதமாகியும் எழுத்திலிருந்து சொல்லுக்கு நகரவே இல்லை, இங்கிலீஷ் 'பி'யையும் (b) 'டி'யையும் (d) மாற்றி மாற்றியே வாசிக்கிறான் என்றால், அதே ஆஸ்பத்திரியில் கற்றல் குறைபாட்டுக்கென்று தனிக் கிளினிக் இருக்கிறது. கற்றல் குறைபாடு என்றால் புத்தி குறைவு என்று அர்த்தம் இல்லை. அங்கே சோதித்துச் சான்றிதழ் தந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். ஆனால் அதை இப்போதே நினைத்துக் கலங்காதீர்கள். முதலில் அவனுக்கு யாராவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கட்டும்.

கடைசியாகச் சின்னவள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்பட்ட 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பியுங்கள். சேரும் வகுப்புக்கு மட்டும்தான் இந்த வாய்ப்பு, மூத்தவனுக்கு இனி கிடையாது. ஆன்லைனில் விண்ணப்பம், குலுக்கலில் இடம், எட்டாவது வரை ஃபீஸ் இல்லை. வருமானச் சான்றிதழ் காட்டி விண்ணப்பிப்பதென்றால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே நம் தமிழர்கள் நடத்துகிற பள்ளிகளில் சில மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள். அவற்றில் இந்த ஒதுக்கீடு இல்லை, அலையாதீர்கள். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிற ஏஜென்ட்டிடம் போகாதீர்கள். குலுக்கலில் விழாவிட்டால் முனிசிபல் பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் உண்டு, இங்கிலீஷும் உண்டு. ஃபீஸ் கிடையாது, சீருடை, ஷூ, பை, நோட்டு என்று 27 பொருட்கள் இலவசம். தாராவியில் முனிசிபல் பள்ளி என்றாலே கடைசிப் புகலிடம் என்கிற நினைப்பு இருக்கிறது. பிள்ளை வாசிக்கிறதா என்று நீங்கள் மாதாமாதம் சோதித்துக்கொண்டிருந்தால், குறைந்த ஃபீஸ் வாங்குகிற தனியார் பள்ளியைவிட அது எந்த விதத்திலும் தாழ்வு இல்லை என்பேன்.

அவள் பிறந்தது ஊரில் என்றால் பிறப்புச் சான்றிதழை இப்போதே வரவழைத்து வையுங்கள். கடைசி நேரத்தில் அதற்குத்தான் ஓடுவோம். அப்புறம், அண்ணன் மண்டபத்துக்குப் போகும்போது அவளும் கூடப் போகட்டும். ஓரமாக உட்கார்ந்து அந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.